கிணற்று மேட்டில் நின்ற மாமன்கள்

எழுபதுகளின் கடைசியில், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் டீச்சராக இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சைக்கிள் ஓட்டுவேன், விசில் ஊதுவேன், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். அந்த வாயால்தான் இதில் மாட்டிக்கொண்டேன்.

மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு முகாம் நடத்துவது வழக்கம். அதில் பையன்களுக்கு மட்டும் ஒரு போட்டி உண்டு. ராத்திரி முழுக்க நடக்கும் தொடர் ஓட்டம். ஓர் அணிக்கு நான்கு பேர். முதல் ஆளிடம் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, ஒரு டார்ச் லைட் கொடுத்து அனுப்புவார்கள். வரைபடத்தில் குறித்திருக்கும் பனைமரம், எல்லைக்கல், களம் என்று ஒவ்வோர் இடத்தையும் இருட்டில் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே ஒரு சின்னக் கொடி தொங்கும். அதோடு கட்டியிருக்கும் கலர் பென்சிலால் தன் அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். எல்லாக் கொடியையும் பார்த்துவிட்டு முகாமுக்கு வந்து அடுத்த ஆளின் கையைத் தொட்டால்தான் அவர் கிளம்பலாம். நாலாவது ஆள் திரும்பும்போது கோழி கூவிவிடும்.

ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து, பெண்பிள்ளைகளுக்கு ஏன் இது இல்லை என்று கேட்டேன். முகாமை நடத்திய சார் சிரித்துக்கொண்டே, நான்கு பள்ளிகளிலிருந்து பெண்கள் அணி வந்தால் இந்த வருடமே நடத்துவோம், வராவிட்டால் இனி இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது, ஆள் சேர்க்கிற பொறுப்பு உங்களுடையது என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். 

அச்சடித்த அறிக்கையைப் பள்ளிப் பள்ளியாக அனுப்பினேன். எங்கிருந்தும் பதில் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். மற்றப் பள்ளி டிரில் டீச்சர்களுக்கு ஆசைதான். பெற்றோரைக் கேட்டால்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். மோர் கொடுப்பார்கள், ஊர் நியாயம் பேசுவார்கள், கடைசியில் "பார்க்கலாமுங்க டீச்சர்" என்பார்கள். அதற்கு முடியாது என்றுதான் அர்த்தம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் என் பள்ளியில் மட்டும் நான்கு பெண்கள் மிஞ்சினார்கள். நான்கு பேரின் அப்பாக்களிடமும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன்.

அந்த நால்வரில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, நல்ல ஓட்டக்காரி. நிலபுலன் உள்ள குடும்பம். இன்னொருத்தி ஒன்பதாம் வகுப்பு. ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து வருபவள். அவளுடைய அம்மா கடலைக்காட்டில் கூலி வேலை செய்தார். இவள் ஓட்டத்தில் சுமார்தான். ஆனால் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் போதும், அப்படியே தரையில் விரித்துப் பார்ப்பது போல வழி சொல்வாள். எனக்குக்கூட வடக்கு தெற்கு குழம்பும், அவளுக்குக் குழம்பாது. பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. வரைபடம் வந்த பிறகு மற்ற மூவரும் அவள் பின்னாலேயே சுற்றினார்கள். அவள் முகமே மாறிப்போயிருந்தது.

திடீரென்று ஒருநாள் ஓட்டக்காரி பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அப்பா பிடி கொடுக்காமல் பேசினார். அம்மாதான் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன், அதாவது பெண்ணின் தாய்மாமன், இந்தச் சங்கதியை டீக்கடையில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டாராம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் என் தங்கச்சி பிள்ளையை ராத்திரியில் அனுப்புவீர்களா என்று கோபித்துக்கொண்டு, வந்த கையோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டாராம்.

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். காதுகுத்து, சீர், கல்யாணம் எதுவானாலும் முதல் வெற்றிலை பாக்கு மாமன் வீட்டுக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இது ஓட்டப்பந்தயம்தானே, இதற்கு எதற்கு மாமன் என்று நினைத்துவிட்டேன். மற்ற ஊர்களில் அப்பாக்கள் எல்லாம் ஏன் "பார்க்கலாமுங்க" என்றார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. மச்சானைக் கேட்காமல் எந்த அப்பாவால் சரி என்று சொல்ல முடியும்?

மறுநாளே தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்துக்கொண்டு, பெண்ணின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த மாமன் வீட்டுக்குப் போனேன். லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல உயரம், கனத்த குரல். தட்டை வாங்காமலே பேசினார்.

"ஏனுங்க டீச்சர், அவளுக்குக் காது குத்தறப்ப எம்மடியிலதான உக்கார வெச்சாங்க? ராத்திரி காட்டுக்குள்ள உடறதுக்கு மட்டும் மாமன் வேண்டாமுங்களா?"

வேணும், அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அப்புறம் அவர் கேட்க ஆரம்பித்தார். பாம்பு? கொடிகள் எல்லாம் கடலை பிடுங்கிய வெறுங்காட்டில்தான், பூட்ஸும் உண்டு என்றேன். ஆம்பிளை யாராவது குறுக்கே வந்தால்? விசில் உண்டு என்றேன். கிணறு?

அதுதான் பெரிய கேள்வி. எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையை உடைத்து வெட்டிய அகலமான சதுரக் கிணறுகள். சுற்றிலும் சுவர் கிடையாது. தரையோடு தரையாகப் புல் முளைத்து விளிம்பே தெரியாது. பகலிலேயே ஆடு மாடு விழும். கிணற்றைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள் என்று, கூட்டத்தில் சொன்னதை அவரிடம் ஒப்பித்தேன். இருட்டில் கோடு வந்து பிள்ளையைப் பிடித்து நிறுத்துமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கேட்டது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

"அப்படின்னா நீங்களே வந்து கெணத்து மேட்டுல நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

 அவர் மனைவி காபித் தம்ளரோடு நடையிலேயே நின்றுவிட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "நிக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். அதன்பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, டீக்கடைதான் செய்தது. லாரிக்காரர் தன் தங்கச்சி மகளுக்காக ராத்திரி பூராவும் கிணற்று மேட்டில் நிற்கப் போகிறாராம் என்று செய்தி பரவியது. வேறு மாமன்களுக்குப் பொறுக்குமா? நமக்கென்ன கையில்லையா காலில்லையா என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். நானும் மற்றப் பள்ளி டீச்சர்களும் வெற்றிலை பாக்கோடு ஒவ்வொரு மாமன் வீடாக ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் சொன்னது ஒன்றுதான்: உங்கள் பெண்ணுக்காக நீங்கள் வந்து நிற்க வேண்டும். தட்டும் கையுமாக நான் அலைவதைப் பார்த்து எனக்கே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று ஒரு ஊரில் கிளப்பிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று என் அப்பாவிடமே ஒருவர் கேட்டாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு மாமன் சைக்கிளில் பள்ளிக்கே வந்து, எங்கள் பிள்ளை பெயரை ஏன் சேர்க்கவில்லை என்று சண்டை பிடித்தார். அந்தப் பெண் பத்தடி ஓடினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனாலும் சேர்த்துக்கொண்டேன். நான்கு பள்ளி கேட்டவர்களுக்கு ஏழு பள்ளிகளிலிருந்து அணிகள் வந்தன. முகாம் சார் சொன்னபடி ஒத்துக்கொண்டார். மாமன்களுக்கு மட்டும் இரண்டு விதி போட்டார். கிணற்று மேட்டில் விளக்கு ஏற்றி இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடாது. வழி எதுவும் சொல்லக்கூடாது, பிள்ளை விளிம்புக்கு வந்தால் "கிணறு" என்று மட்டும் சொல்லலாம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வரைபடக்காரியை நான் கவனிக்கவே இல்லை. முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் வந்து, தான் வரவில்லை என்றாள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் காலனிக்குப் போனேன். அவள் அம்மா நின்றுகொண்டே பேசினார். அவருக்கு ஒரே தம்பி. திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்காக வடநாட்டுக்குப் போனவர், எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது, மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார்.

"எல்லாப் புள்ளைக்கும் மாமன் வந்து நிக்கறப்ப எம்புள்ள மட்டும் ஒத்தையாப் போகோணுமுங்களா டீச்சர்? வேண்டாமுங்க. நாளைக்கு ஒரு சொல்லு வரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமன்களை அழைத்து நான் போட்ட பந்தலில் அந்தப் பெண்ணுக்கு மட்டும் நிழல் இல்லாமல் போய்விட்டது. என் அணியில் வரைபடம் படிக்கத் தெரிந்தவளே அவள்தான். அதைவிட, இதை விட்டால் அவள் மறுபடியும் கடைசி பெஞ்சுக்கே போய்விடுவாள் என்பதுதான் என்னை உறுத்தியது. அந்த லாரிக்காரரிடம் இவளுக்கும் சேர்த்து நில்லுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். வாய் வரவில்லை. அந்த வீட்டு வாசலைத் தாண்டி இந்த அம்மா உள்ளே போனதில்லை. போக விடமாட்டார்கள். அந்தக் காலம் அப்படி. அதனால் நானே நிற்கிறேன் என்றேன். உங்கள் பெண் போகிற வழியில் பெரிய கிணற்றோரம் நான் நிற்பேன், பொழுது விடிந்ததும் உங்கள் கையில் ஒப்படைப்பேன் என்றேன். அந்த அம்மா மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க நின்னாச் சரிங்க" என்றார்.

அந்த ராத்திரி திருவிழா மாதிரி இருந்தது. மாமன்கள் தலைப்பாகையும் தடியுமாக வந்து, கிணற்றுக்கு இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போனார்கள். பெண்கள் யூனிபார்ம் பாவாடைக்குள் அண்ணன்களின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, விழாமல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எங்கள் அணியில் ஓட்டக்காரி முதலில் போனாள். வரைபடக்காரி கடைசி. ஒவ்வொரு பெண்ணாகப் போய்ப் பத்திரமாக வந்தார்கள். இடுப்பைப் பிடிக்கும் பெண்கூட முக்கி முனகி வந்து சேர்ந்துவிட்டாள். மூன்றாவது பெண் வந்து கையைத் தொட்டதும் வரைபடக்காரி இருட்டுக்குள் ஓடினாள். நான் குறுக்கு வழியில் பெரிய கிணற்றுக்கு நடந்தேன்.

வழியில் ஒரு கிணறு. மேட்டில் யாரும் இல்லை. ஒதுங்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த கிணறு. அங்கேயும் யாரும் இல்லை. வேப்பமரத்தடியில் அணைத்த பீடித் துண்டுகள்தான் கிடந்தன.  திரும்பிப் பார்த்தேன். முகாமில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாமன்கள் கூட்டமாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவரவர் அக்கா மகள், தங்கச்சி மகள். தங்கள் பெண் பத்திரமாக வந்ததும் கூடவே வந்துவிட்டார்கள். உங்கள் பெண்ணுக்காக நில்லுங்கள் என்றுதானே எல்லோரையும் அழைத்தோம்? அவர்களும் அப்படியே நின்றார்கள். கடைசிச் சுற்றில் ஓடும் பெண்களின் மாமன்கள் மட்டும் தத்தம் கிணற்றில் இருப்பார்கள். மற்றக் கிணறுகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன.

விசிலை ஊதிக்கொண்டே முகாமை நோக்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தட்டைப் போட்டுவிட்டு ஆட்கள் எழுந்து ஓடி வருவது தெரிந்தது. நான் நிற்கவில்லை. பெரிய கிணற்றுக்கு முன்பே அவள் போக வேண்டிய தூரத்துக் கொடியை நோக்கி ஓடினேன். அந்தக் கொடிக்கு முன்னால் ஒரு மோட்டார் கிணறு. திசைகாட்டி முள்ளை நம்பி நேராகப் போனால் அதில்தான் போய் முடியும். முள் வடக்கைத்தான் காட்டும், கிணற்றைக் காட்டாது. அவள் நேராகத்தான் போவாள் என்பது எனக்குத் தெரியும். அப்படிப் போக நான்தான் பழக்கியிருந்தேன்.

அவளுடைய டார்ச் வெளிச்சம் தெரிந்தது. பேட்டரி தீர்ந்து மங்கலாக, நேராகக் கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். விவசாயத்துக்கு ராத்திரியில் விடும் கரண்ட் வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விசில் ஊத மூச்சு இல்லை. கல் தடுக்கி விழுந்து எழுந்து பார்த்தபோது வெளிச்சத்தைக் காணோம்.

அந்த இடத்திலிருந்து கிணறு வரை நான் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. அந்த அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

கிட்டே போனதும் அவள் நிற்பது தெரிந்தது. தீர்ந்துபோன டார்ச்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலு எட்டு முன்னால், கிணற்று விளிம்பில், இரண்டு கையையும் அகல நீட்டிக்கொண்டு ஓர் ஆள். அந்த லாரிக்கார மாமன்தான். "நில்லு சாமி, கெணறு" என்று அவர் சொன்னதும் நின்றுவிட்டாளாம். கொடி எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். அதை நான் சொல்லப்படாது என்றுவிட்டாராம் மனிதர். டார்ச் லேசாகப் பற்றிக்கொண்டது. அவள் என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை. வரைபடத்தில் ஒரு கண் வைத்துவிட்டு, கிணற்றைச் சுற்றிக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர் மோட்டார் ரூமிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, உங்கள் பெண் முதல் சுற்றிலேயே வந்துவிட்டாளே, எல்லோரும் போய்விட்டார்களே, நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே விளங்காதது போல இருந்தது.

"எம்பட புள்ள வந்துட்டா. கெணறு அங்கயேதானுங்க இருக்குது?"

 மறுபடியும் விளிம்புக்குப் போய் நின்றுகொண்டார். மற்ற மாமன்களும் மூச்சிரைக்க அவரவர் கிணற்றுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். கடைசிப் பெண் முகாமுக்குத் திரும்பியதாக விசில் கேட்கும்வரை ஒருவரும் நகரவில்லை.

எங்கள் அணி ஜெயிக்கவில்லை. பின்னாலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் எல்லாக் கொடியையும் தப்பாமல் பார்த்து வந்தவள் வரைபடக்காரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். விடிந்ததும் அவள் அம்மா முகாமுக்கு வெளியே, வேலியோரம் வந்து நின்றார். வார்த்தை கொடுத்தபடி மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தேன். நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். அந்த லாரிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அந்த அம்மா பழக்கத்தில் ஒதுங்கினார். அவர் நின்று, "உன்ற புள்ள நல்லா வழி பாக்குதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.  அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் ஓட்டம் அந்த வருடத்தோடு நிற்கவில்லை. நான் அந்தப் பள்ளியில் இருந்தவரை நடந்தது, அணிகளும் கூடிக்கொண்டே போயின. அடுத்த வருடம் மாமன்களை அழைக்கப் போனபோது, உங்கள் பெண்ணுக்காக நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசிப் பெண் வரும்வரை நிற்பதானால் வெற்றிலையை எடுங்கள் என்றேன். வேண்டாம் என்று தட்டைத் திருப்பிய வீடு ஒன்றுகூட இல்லை.

பிறகு எனக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களும் படித்து நல்லபடியாகக் கரையேறிவிட்டார்கள். இனிமேல் நமக்கென்ன என்று உட்காரத் தோன்றும் போதெல்லாம், தன் பிள்ளை எப்போதோ வந்து சேர்ந்த பின்னும் இருட்டில் கையை விரித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரை நினைத்து எழுந்துவிடுகிறேன்.